கோலுக்கு நின்ற தங்கராஜ்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கச் செயலாளர் என்னிடம் வந்து, "ஐயா, இந்த வருடம் இளைஞர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு விடயத்தைப் பற்றிப் பேசவேண்டும்" என்று கேட்டபோது, ஒழுக்கம், கல்வி, முயற்சி என்று ஏதேனும் ஒரு தலைப்பை நான் எடுத்துக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னிலும் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அதிலும், கோலுக்கு நிற்பவனைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். ஏன் என்பதைப் பின்னர் சொல்லுகிறேன்.

நமது பகுதியில் வயல் விளைந்து கதிர் முற்றும் காலத்தில் இரவுக் காவல் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பரணிலே ஒருவன் விழித்திருப்பான். பன்றி வந்தாலும் யானை வந்தாலும் அவன் பாடு. விடியும்வரை ஒன்றும் வரவில்லையென்றால் அவனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஒரு நாள் கண் அயர்ந்துவிட்டால், அந்த வருடம் முழுவதும் அவன் பெயர்தான் ஊரிலே அடிபடும். முப்பது இரவு விழித்திருந்த கணக்கு ஒருவருக்கும் நினைவிருக்காது. கோல் காப்பாளனின் நிலையும் இதுவே. முன்னணியில் ஆடுபவன் ஐந்து முறை தவறவிட்டு ஆறாவது முறை பந்தை உள்ளே அடித்தால் அவனைத் தோளில் தூக்குகிறோம். கோலுக்கு நிற்பவன் ஐந்து பந்தைப் பிடித்து ஆறாவதை விட்டால், "இவனாலேதான் தோற்றோம்" என்கிறோம்.

இது நமது ஊரில் மட்டும் நடப்பதன்று. 1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திலே, பிரேசில் நாட்டின் மரக்கானா அரங்கில், உருகுவே அணி 2-1 என்ற கணக்கில் பிரேசிலைத் தோற்கடித்தது. இரண்டாவது கோல், காப்பாளர் பார்போசாவுக்கும் அவருக்கு அண்மையிலிருந்த கம்பத்துக்கும் இடையால் போயிற்று. பதினொரு பேர் ஆடிய ஆட்டம் அது. ஆயினும் அந்த ஒரு பந்துக்காக அவரை அவர் நாட்டவர் 2000ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை மன்னிக்கவில்லை. ஐம்பது வருடம்! கொலை செய்தவனுக்குக்கூட அவ்வளவு நீண்ட தண்டனை கிடைப்பதில்லை. ரஷ்யாவின் லெவ் யாஷின் 1962இல் சிலி நாட்டில் நடந்த உலகக் கிண்ணத்தில் சில பந்துகளை விட்டார் என்பதற்காக அவர் வீட்டுக் கண்ணாடிகளை உடைத்தார்கள். அடுத்த வருடமே ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற ஒரே கோல் காப்பாளர் இன்றுவரை அவர்தான். கண்ணாடியை உடைத்தவர்கள் அப்போது என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கை தட்டியிருப்பார்கள் என்றே எண்ணுகிறேன்.

நான் இன்று சொல்ல வந்தது யாஷினைப் பற்றியும் அன்று. நமது மொழிப் பெயர் தாங்கிய ஒருவரைப் பற்றி. பீற்றர் தங்கராஜ் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். இரண்டு பேர். இருவருக்கும் என்னிலும் வயது அதிகம்!

தங்கராஜ் 1935ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். அங்கே சிக்கந்திராபாத்தில் மோர்னிங் ஸ்ரார், பிரண்ட்ஸ் யூனியன் ஆகிய கழகங்களில் ஆடினார். 1953இல் இந்திய இராணுவத்திற் சேர்ந்து, நீலகிரியில் வெலிங்டன் என்னுமிடத்திலுள்ள மதராஸ் ரெஜிமென்ற் நிலையத்துக்கு வந்தார். இளைஞர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அங்கே வந்தபோது அவர் கோல் காப்பாளர் அல்லர். மத்திய முன்னணியில் நின்று கோல் அடிப்பவராகவே இருந்தார். பின்னரே கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார்.

நமது மைதானத்தில் யார் கோலுக்குப் போவது? ஓட முடியாதவன், கடைசியாக வந்தவன், அல்லது எல்லோரிலும் சின்னவன். "நீ போய் கோலுக்கை நில்லடா" என்பது ஒரு தண்டனைபோலவே சொல்லப்படுகிறது. தங்கராஜோ ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், முன்னணி ஆட்டத்தின் சூட்சுமமும் உள்ளவர். எந்தக் காலால், எந்த நேரத்தில், எந்தப் பக்கம் அடிப்பான் என்பதைத் தானே அடித்துப் பழகியவன் அறிவதுபோல வேறொருவனும் அறியமாட்டான். அவரது சிறப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

1955இல் மதராஸ் ரெஜிமென்ற் அணி டுராண்ட் கிண்ணத்தை வென்றது. 1958இல் மீண்டும் வென்றது. அதே 1955இல் தங்கராஜ் முதன்முறையாக இந்தியாவுக்காக நின்றார். டாக்காவில் நடந்த நாற்கோணப் போட்டி அது. இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகியவற்றோடு நமது இலங்கையும் கலந்துகொண்ட போட்டி. 1952இல் அந்தப் போட்டி தொடங்கியதே கொழும்பிற்றான். ஆகவே அவரது சர்வதேச வாழ்வின் வாசற்படியிலே நமது நாட்டு ஆட்டக்காரரும் நின்றிருக்கிறார்கள் என்று நாம் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து ஆட்டத்தை நீங்கள் இன்றைய தொலைக்காட்சியை வைத்து எண்ணிப் பார்க்கக்கூடாது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியர் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றுத் திரும்பினார்கள். அதன் பின்னரே சப்பாத்து அவசியம் என்று ஆயிற்று. பந்து தோற்பந்து. மழையில் நனைந்தால் நீரை உறிஞ்சிப் பாறைபோலக் கனக்கும். கையுறை என்பது அநேகருக்கு இல்லை. கல்கத்தா லீக் ஆட்டங்களோ மழைக்காலத்திலேதான் நடக்கும். கோல் வாயிலில் புல் இராது, சேறுதான் இருக்கும். அந்தச் சேற்றில்தான் தங்கராஜ் முகமதன் ஸ்போட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கோல் என்ற மூன்று பெருங் கழகங்களுக்கும் நின்றார். அந்த மூன்று கழகத்து ரசிகர்களும் ஒருவரையொருவர் எவ்வளவு நேசிப்பவர்கள் என்பதைக் கல்கத்தாவுக்குப் போய்வந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

மெல்பேணில் 1956இல் நடந்த ஒலிம்பிக்கில் இந்தியா அவுஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போயிற்று. ஆசியாவிலிருந்து ஓர் அணி ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதிக்குப் போனது அதுவே முதல் தடவை. முடிவில் நாலாம் இடம். தங்கராஜ் அந்தக் குழுவில் இருந்தார். பாலக்காட்டைச் சேர்ந்த நாராயணன் என்ற மற்றொரு காப்பாளரும் இருந்தார். 1960இல் ரோம் நகரத்துக்கும் இந்த இருவருமே போனார்கள். இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். முன்னணியில் ஒருவனுக்கு இடமில்லையென்றால் வலது பக்கமோ இடது பக்கமோ ஓர் இடம் கிடைக்கும். கோல் வாயிலில் ஒரே இடம். ஒருவன் நின்றால் மற்றவன் வெளியில் இருந்து பார்க்கவேண்டும். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளராகத் தெரிவு செய்யப்பட்ட தங்கராஜுக்கும் வெளியே இருக்கும் நாள் வந்தது. அந்தக் கதைக்கே வருகிறேன்.

1962ஆம் ஆண்டு, ஜகார்த்தா நகரம், ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. பின் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று மயிரிழையில் வென்றது. இதற்கிடையில் தங்கராஜ் காய்ச்சலில் விழுந்துவிட்டார். பிரத்யுத் பர்மன் என்பவர் அவர் இடத்தில் நின்றார். பின்காப்பில் நின்ற ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலை உடைந்து தையல் போட்டிருந்தது. இறுதியாட்டத்தில் எதிரே மறுபடியும் தென்கொரியா.

அணியைப் பயிற்றுவித்தவர் சையத் அப்துல் ரகீம். அவர் பள்ளிக்கூட ஆசிரியர். ஆசிரியத் தொழில் பார்த்தவன் என்ற முறையில் இதை நான் சற்று உரத்துச் சொல்லுகிறேன். புற்றுநோய் அப்போதே அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ரகீம் என்ன செய்தார்? தலையில் கட்டோடிருந்த ஜர்னைல் சிங்கைப் பின்னாலிருந்து எடுத்து மத்திய முன்னணியில் விட்டார். தங்கராஜைக் காய்ச்சற் படுக்கையிலிருந்து எழுப்பிக் கோலுக்கு நிறுத்தினார்.

செப்டெம்பர் 4ஆந் திகதி, செனாயன் அரங்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் சனம். அத்தனை சனமும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. தாய்வானுக்கும் இஸ்ரேலுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்துப் பேசியதனால் வந்த கோபம் அது. அரசியலார் பேச்சுக்கு ஆட்டக்காரர் அடி வாங்குவது புதிதன்று. ஆனால் ஓர் அதிசயம் நடந்தது. பாகிஸ்தானின் ஹொக்கி வீரர்கள் அந்த அரங்கில் இருந்து இந்தியாவுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள் என்று அன்று ஆடியவர்கள் பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள்.

முதல் இருபது நிமிடத்துக்குள் பி. கே. பானர்ஜி ஒன்றும், தலையில் கட்டோடு ஜர்னைல் சிங் ஒன்றுமாக இரண்டு கோல் அடித்துவிட்டார்கள். அதன் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம். அந்த ஒரு மணித்தியாலந்தான் கோல் காப்பாளனுடைய நேரம். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியர் ஒரு கோல் அடித்தார்கள். ஒரு லட்சம் சனமும் எழுந்து நிற்கிறது, இன்னும் ஒரு கோல் விழுந்தால் சமம், உடம்பிலே காய்ச்சலின் சோர்வு. அந்த நேரத்தில் கோல் வாயிலில் நிற்பவனுக்கு எப்படி இருந்திருக்கும்? விட்ட பந்தை நினைத்தால் அடுத்ததும் போய்விடும். அதை மறந்துவிட்டு நிற்கவேண்டும். தங்கராஜ் நின்றார். 2-1 என்ற கணக்கில் தங்கப் பதக்கம் இந்தியாவுக்குக் கிடைத்தது. அதன் பின் ஆசிய விளையாட்டில் இந்தியா உதைபந்தாட்டத்தில் தங்கம் பெற்றதேயில்லை. ரகீம் அடுத்த வருடம் யூன் மாதத்தில் காலமானார்.

இனி மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1960இல் படைத்துறையினரின் சர்விசஸ் அணிக்குத் தலைமை தாங்கிச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றார். 1966இல் பாங்கொக் ஆசிய விளையாட்டிலும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆட்டத்தை விட்டார்.

விட்டபின் என்ன செய்தார் என்பதே எனக்கு முக்கியம். கோவாவில் வாஸ்கோ கழகம், பின் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், அதன் பின் பொக்காரோ உருக்காலை நகரம் என்று பயிற்றுவிப்பாளராகப் போனார். ஒரு லட்சம் சனத்தின் முன்னே நின்ற மனிதர் ஓர் ஆலையைச் சுற்றி எழுந்த ஊரிலே சின்னப் பையன்களுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அங்கேதான் குடியிருந்தார். அங்கேதான் இறந்தார்.

கோல் காப்பாளன் நல்ல பயிற்றுவிப்பாளன் ஆவானா என்று கேட்டால், ஆகமாட்டான் என்று சொல்வோர் உண்டு. நடு மைதானத்தில் ஓடி அறியாதவனுக்கு ஆட்டத்தின் போக்குத் தெரியாது என்பது அவர்கள் வாதம். உலகத்திலே தலைமைப் பயிற்றுவிப்பாளரான காப்பாளர்கள் குறைவு என்பதும் மெய்யே. ஆனால் இத்தாலியின் டினோ சொவ் நாற்பது வயதில் தலைவனாக நின்று 1982இல் உலகக் கிண்ணத்தை வாங்கியவர். பதினெட்டு வருடத்துக்குப் பின் பயிற்றுவிப்பாளராக அதே நாட்டை ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனார். 1993இல் மார்செய் அணிக்கு ஐரோப்பியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்த பெல்ஜியத்து ரேமன் கூத்தல்ஸ் இளமையில் கோலுக்கு நின்றவரே. என் கருத்தில், மைதானத்தில் மற்றப் பத்துப் பேரின் முதுகையும் எதிரிகளின் முகத்தையும் ஒருங்கே பார்ப்பவன் காப்பாளன் ஒருவன்தான். தொண்ணூறு நிமிடமும் அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பார்த்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இருக்கும்.

சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது, கையை நீட்டிப் பிடிப்பதுதானே என்று நினைக்கிறீர்களா? கோல் வாயில் 24 அடி அகலம், 8 அடி உயரம். பந்து 36 அடி தூரத்திலிருந்து மணிக்கு அறுபது மைல் வேகத்தில் வந்தால், அரை விநாடிக்குள் கோட்டைத் தாண்டிவிடும். கோட்டிலேயே நிற்பவன் 24 அடியையும் காக்கவேண்டும். பந்து வைத்திருப்பவனை நோக்கி 18 அடி முன்னே வந்துவிட்டால் காக்கவேண்டியது 12 அடிதான். குளத்து நீரை வயலெல்லாம் பரவியபின் மறிப்பதா, துருசு வாயிலிலே மறிப்பதா என்பது போன்ற கணக்கு இது. ஆனால் எப்போது முன்னே வருவது, எப்போது நிற்பது என்பதை யாராவது பக்கத்தில் நின்று நூறு தடவை சொன்னாலன்றி வராது. பிந்தி வந்தால் தலைக்கு மேலால் தூக்கிப் போட்டுவிடுவான்.

நிலத்தோடு உருண்டு வரும் பந்து இலேசானது என்று பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். அதுதான் மிகவும் மோசமானது. கால்களை அகட்டி நின்று குனிந்தால், கைக்கும் காலுக்கும் இடையால் போய்விடும். ஒரு முழங்காலைப் பக்கவாட்டாக மடித்து, மற்றக் காலின் குதிக்கு அருகே கொண்டுவரவேண்டும். அப்போது கை தவறினாலும் கால் சுவராக நிற்கும். இது ஒரு பிற்பகலில் கற்பிக்கக்கூடிய விடயம்.

ஏன் இதைப் பற்றிப் பேசுகிறேன் என்று இப்போது சொல்லுகிறேன்.

போன வருடம் நமது அணி ஒரு சுற்றுப்போட்டியில் இறுதியாட்டத்துக்குப் போயிற்று. இங்கே இருக்கும் அநேகர் அன்று வந்திருந்தீர்கள். கடைசி நிமிடங்களில் உருண்டு வந்த ஒரு பந்து நமது பொடியனின் கால்களுக்கிடையால் போயிற்று. அதற்கு முன் அவன் பிடித்த பந்துகளை யாராவது எண்ணினோமா? உழவு இயந்திரப் பெட்டியில் ஏறித் திரும்பி வரும்போது அவனோடு ஒருவரும் பேசவில்லை. சிலர் பேசினார்கள், பேசாமல் இருந்திருந்தாலே நன்றாயிருந்திருக்கும். அன்றிரவு கடையடியில் என்னிடம் ஒருவர் கேட்டபோது, "கோலுக்கு நின்றவன் சரியில்லை" என்று நானும் சொன்னேன். நான் சொன்னது அவன் காதுக்குப் போயிற்று. அன்று தொடக்கம் அவன் மைதானத்துக்கு வருவதில்லை. பிற்பகலில் கண்டி வீதிக் கரையில் நிற்கிறான். என்னைக் கண்டால் மறுபக்கம் பார்க்கிறான்.

அவனுக்கு முழங்காலை மடிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தெரியும். இளமையில் நானும் இந்த ஊர் அணிக்குக் கோலுக்கு நின்றவன். மைதானத்திலிருந்து என் வீட்டுக்குக் கூப்பிடு தூரந்தான். பதினைந்து வருடமாக அந்தப் பிள்ளைகள் ஆடுவதைத் திண்ணையில் இருந்து பார்த்தேனேயன்றி ஒரு நாள் இறங்கிப் போனேனா? தங்கராஜ் பொக்காரோவில் செய்ததில் நூறில் ஒரு பங்கை நான் கனகராயன்குளத்தில் செய்யவில்லை.

தங்கராஜ் இறந்தது 2008ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி. அந்த மாதத்தில் இந்த ஊர்ச் சனம் எங்கே, எந்த மரத்தின் கீழ் இருந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பத்திரிகை ஏது, விளையாட்டுச் செய்தி ஏது? என் இளமையில் பழைய சென்னைப் பத்திரிகைகளில் தேடித் தேடிப் பெயர் வாசித்த மனிதர் போய்விட்டார் என்பதை எனக்கு நாலைந்து வருடத்துக்குப் பின் ஒருவர் சொல்லித்தான் தெரியும். திரும்பி வந்து பற்றை வெட்டி மைதானத்தைத் துப்புரவாக்கியபோது இரண்டு கோல் கம்பங்களும் இருக்கவில்லை. காட்டுத் தடி நட்டுத்தான் பொடியன்கள் ஆடினார்கள். அவர்களில் சின்னவனாகக் கோலுக்குப் போனவன்தான் இந்தப் பிள்ளை.

இந்த வருடம் சங்கம் புதிய உடுப்புத் தைப்பதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது என்று அறிகிறேன். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பழைய உடுப்பு இன்னும் ஒரு வருடம் தாங்கும். அந்தப் பணத்தில் இரண்டு சோடி கையுறையும், ஒரு வலையும், மூன்று நல்ல பந்தும் வாங்கலாம். மிச்சத்தில் ஓர் இளைஞனைப் பயிற்றுவிப்பாளர் வகுப்பு ஒன்றுக்கு அனுப்பலாம். நான் கிழவன், எத்தனை நாளைக்கு? இதைப் பொதுச்சபை தீர்மானிக்கட்டும். எதிர்த்து வாக்களிப்பவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

நாளைக் காலை நான் அந்தப் பொடியனின் வீட்டுக்குப் போகிறேன். முதலில் அவனிடம் நான் கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது. அணித் தலைவரும் என்னோடு வந்தால் நல்லது, வராவிட்டால் தனியே போவேன். வருகிற சனிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு மைதானத்தில் வடக்குக் கம்பத்தடியில் நிற்பேன். கோலுக்கு நிற்க விருப்பமுள்ள பிள்ளைகள், பெண்பிள்ளைகளும் வரலாம். முன்னணியில் ஆடுபவர்களில் உயரமான இரண்டொருவரும் வந்து பார்க்கட்டும். பழைய பந்து ஒன்று என்னிடம் இருக்கிறது. காற்று அடிக்கும் பம்பியை மட்டும் யாராவது கொண்டுவாருங்கள்.